ஒரு சாண்

பின்னாலிருந்து யாரோ கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது, மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சக்கரம் நகருவேனா என்கிறது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டிருக்கிற களிமண்தான், இறங்கி ஒரு கருவேலங்குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுக்கிறேன், ஒரு கை மண் விழுந்தால் நாலடி உருட்டுவதற்குள் இரண்டு கை மண் ஏறிக்கொள்கிறது, ச்சே, இந்த ஐப்பசிச் சேற்றுக்கு வெட்கமே கிடையாது, ஸ்டாண்டு போன வாரமே உடைந்துவிட்டது, சாய்த்து வைக்கலாமென்றால் இந்தப் பொட்டலில் முழங்கால் உயரக் கருவேலஞ்செடியைத் தவிர ஒரு மரமில்லை, ஒரு கல்லில்லை, இடுப்பால் சைக்கிளைத் தாங்கிக்கொண்டு ஒற்றைக் கையால் குத்துகிறேன், விடாதடி, விடாதடி என்று கத்துகிறேன், நான் விடலடி, நீ நேராப் பாத்து மிதி என்கிறாள் எனக்குச் சைக்கிள் பழக்குகிற அக்கா, கேரியரைப் பிடித்தபடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறாள், மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது, பிறகு கேட்கவில்லை, திரும்பினால் பத்து முழத்துக்கு அப்பால் இடுப்பில் கைவைத்து நின்று சிரிக்கிறாள் சண்டாளி, எப்போதோ விட்டுவிட்டாள், அதைப் பார்த்த நொடியில் நான் வாய்க்காலுக்குள் கிடந்தேன். அந்த வாய்க்கால் இதுதான். இன்றைக்கும் இதே தண்ணீர்தான் கலங்கி ஓடுகிறது.

நேற்று சாயங்காலம் செல்லி போன் பண்ணினாள், செல்லி என்றால் ஆண்டியப்பன் மச்சானின் ரெண்டாம் தாரம், என் அக்கா அடைக்கி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள், பாவம் அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், அக்கா, ஊரணிப்பட்டி ரோட்டை அகலப்படுத்துறாக, ஒங்கக்காவுக்கு நட்ட சுமைதாங்கியப் பேத்துப் போட்டுட்டாக, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள யாரும் எடுக்கலைன்னா மண்ணக் கொட்டி மூடிருவாகளாம், இவுகளுக்கு எந்திரிச்சு நடக்க முடியல, ஒங்களை ஒரு தடவ முழுசாப் பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாக என்றாள். முழுசாவாம், அரைகுறையாகப் பார்க்க அது என்ன கோயில் திருவிழாவா, வை போனை என்று வைத்துவிட்டேன், ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, விடிந்ததும் பஸ் இல்லையென்றார்கள், ரோட்டைத் தோண்டிப்போட்டிருப்பதால் ஒரு வாரமாக இல்லையாம், ஆட்டோக்காரன் வண்டி புதைஞ்சிரும்மா என்று கையை விரித்தான், என் மகள் இந்த வயசுல சைக்கிளாம்மா என்றாள், ஐம்பத்தோரு வயசு என்ன அப்படிப் பெரிய வயசா, சத்துணவுக் கூடத்துக்கு நித்தம் இதில்தானே போகிறேன், ஊரணிப்பட்டிக்குப் பதினாலு கிலோமீட்டர், மத்தியானத்துக்குள் போய்விட்டால் போதும், கல்லை ஒரு வண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரு கல்தச்சனைக் கூப்பிட்டு அக்கா பேரை அதில் கொத்த வைத்துவிடுவேன். முப்பத்திரண்டு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை பேருக்குப் பேர் இருக்கிறது இந்த ரோட்டில், பார்த்துக்கொண்டே போகிறேன், வயிறு எரிகிறது, கூரையில்லாத பஸ் ஸ்டாப் ஒன்று, சுவர் முழுக்க மார்பிள் கல், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர், பதினேழு பேர், ஒரு ஆள் மழைக்கு ஒதுங்க இடமில்லை, அதைத் தாண்டினால் கொடிக்கம்பம், அதன் காலடியில் அஞ்சு பேர், புளியமரத்தடியில் கண்ணீர் அஞ்சலித் தட்டி, போன மாசம் பைக்கில் போய் மோதின பையன், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறான், அடியில் அவன் சேக்காளிகள் பேர் அவன் பேரைவிடப் பெரிசாக, கண்மாய்க்கரையில் பட்டவன் கல், எந்தக் காலத்திலோ ஆடு மாடு மீட்கப் போய்ச் செத்த எவனோ ஒருவன், கத்தியும் கையுமாக எண்ணெய் குடித்து நிற்கிறான், அவனுக்குப் பேரில்லை, போகட்டும், அவன் பேர் தெரிந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், என் அக்கா பேர் தெரிந்த நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன். இந்த நினைப்பில் பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டேன் பாருங்கள், முன்சக்கரம் உள்ளே போனது, நான் ஹாண்டில்பாருக்கு மேலே போனேன், சேலை, தலை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் சேறு, எழுந்து பார்த்தால் இடது கால் செருப்பைக் காணோம், முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன், நண்டுதான் கையைக் கடித்தது, எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், சிரிச்சுக்க ஆத்தா, நல்லாச் சிரிச்சுக்க என்றேன், இல்லக்கா, பின்னாடியும் அப்பியிருக்கு, அதான் என்றாள். மற்ற செருப்பையும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு மிதித்தேன்.

வெறுங்காலோடுதான் அன்றைக்கும் ஓடினேன், இதே ரோடு, இதே மாசம், வண்டியில் வைக்கோலுக்கு மேலே அக்கா, நிறைமாசம், வலி எடுத்து ஒரு பகலாகியும் பிள்ளை இறங்கவில்லை, மச்சான் மாட்டை ஓட்டுகிறார், நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், வாய்க்கால் பக்கம் வந்ததும் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது, மாடு படுத்துவிட்டது, மச்சான் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுக்கிறார், முட்டுகிறார், வழுக்கி விழுகிறார், மறுபடி முட்டுகிறார், நான் மண்ணைக் கையால் பறிக்கிறேன், பறிக்கப் பறிக்க வந்து மூடுகிறது, அக்கா வைக்கோலிலிருந்து கையை நீட்டி என் தலையைத் தடவி, விடாதடி என்றாள், நான் விடலக்கா என்றேன், விடவேயில்லை, அவள் கைதான் விட்டது. அந்த இடத்திலேதான் கல் நட்டார்கள், வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு ஒரு சுமைதாங்கி, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பது, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினால் அவள் சுமையும் கொஞ்சம் இறங்குமாம், பஸ்ஸும் டிராக்டரும் வந்த காலத்துல யாருடா சுமைதாங்கி நடுறா என்று ஊரில் சிரித்தார்கள், மச்சான் கேட்கவில்லை, தச்சரிடம் போய்த் தானே சொல்லிக் கொத்தி வாங்கிவந்தார், கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. நானும் அக்காவும் ஒரே உயரம், அதனால் அம்மா என்னை விறகுக்கட்டோடு அனுப்பி அளவு பார்க்கச் சொன்னாள், நான் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று எக்கினேன், கட்டு ஏறவில்லை, எட்டலை, இன்னும் ஒரு சாண் இறக்குங்க என்றேன், தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு மச்சானைப் பார்த்தார், மச்சான் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுமை வைக்கத்தானே கல்லு, கொழுந்தியா சொல்றபடி இறக்குங்க என்றார். ஒரு சாண் இறக்கினார்கள், இரண்டு பக்கமும் சேற்றைத் தள்ளி மிதித்தார்கள், மறுநாள் கருமாதிக்குத் துணியை அவிழ்த்தார்கள்.

உ, ஊரணிப்பட்டி, ஆண்டியப்பன் மனைவி. அவ்வளவுதான், கீழே மண். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள், இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், அடைக்கி எங்கே, அந்த வருஷம்தானே அறிவொளிக்காரர்கள் வந்து சாயங்கால வகுப்பு வைத்தார்கள், சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், இருபத்துநாலு வயசில் அவள் தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டாள், எழுதாத இடமில்லை, அடுப்புக்கரியால் சுவரில், குச்சியால் களத்தில், பேனாவால் என் முழங்கையில், ஆனால் முதல் க-வுக்குப் புள்ளி வைக்க மட்டும் அவளுக்கு நினைவு வந்ததேயில்லை, அடைககி, அடைககி, புள்ளி வையிடி கழுதை, இல்லைன்னா அடைககின்னுதான் கூப்பிடுவாக என்று நான் தலையில் குட்டுவேன், கூப்பிட்டா வந்துட்டுப் போறேன் என்பாள், அப்படிப்பட்டவளுக்குக் கல்லில் பேரில்லை, இன்னாருக்குப் பெண்டாட்டி, அவ்வளவுதான். எல்லோருக்கும் முன்னால் கேட்டேன், எங்கக்கா பேரு எங்க மச்சான். அவர் ஈரத்துண்டை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார், உள்ள இருக்கு தாயி என்றார். உள்ளே இருக்காம் உள்ளே, நெஞ்சுக்குள்ளே, கொட்டாயில் படம் பார்த்துக் கற்றுக்கொண்ட வசனம், என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன், அதோடு சரி. அவர் ரெண்டாம் கல்யாணத்துக்குப் போகவில்லை, அம்மா செத்தபோது வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, பிறகு ஒரு மழைநாளில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஒரே ஒரு வார்த்தை கேளு தாயி, அந்தக் கல்லுல என்று ஆரம்பித்தார், நீங்க ஒரு மண்ணும் சொல்ல வேணாம் என்று கதவைச் சாத்தினேன், நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றார் போலிருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தபோது படியில் இரண்டு கால் தடம் சேறாக இருந்தது. அதையும் கழுவிவிட்டேன்.

பொக்லைன் சத்தம் கேட்டுவிட்டது, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், மலை மாதிரி கிராவல் கொட்டிவைத்து ரோட்டை ஆள் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள், இப்போது ஏற்றுகிறார்கள், இதை அன்றைக்கே ஏற்றித் தொலைத்திருந்தால் அவள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பாள், யாரைப் பிடித்து உலுக்குவது, மேலே உட்கார்ந்திருந்த நரைத்த ஆள், மதலைமுத்தாம் பேர், என் கோலத்தைப் பார்த்து என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார், ஆண்டியப்பன் வீட்டாளுகளாம்மா, காலையில இருந்து அந்த வீட்டம்மா மூணு தடவ வந்துட்டுப் போயிருச்சு, ஆளு வரும், மூடிராதீகன்னு, நானும் இந்தப் பக்கத்த விட்டுட்டு அந்தப் பக்கமா தட்டிக்கிட்டு இருக்கேன் என்றார். மூன்று கல்லும் சேற்றில் மல்லாந்து கிடந்தன, நான் சைக்கிளை அப்படியே போட்டேன், அது வாய்க்காலுக்குள் சரிந்தது, எழுத்துக் கொத்தியிருந்த கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தேன், மண்ணுக்கு மேலே இருந்த பாகம் மழை குடித்துக் கறுத்திருந்தது, மண்ணுக்குள் இருந்த பாகத்தில் ஈரக் களிமண் அப்பியிருந்தது, உ, ஊரணிப்பட்டி, ஆண்டியப்பன் மனைவி, பார்த்தாயா, இன்றைக்கும் அதேதான் என்று பல்லைக் கடித்தேன், முழுசாப் பாத்துட்டுப் போகச் சொன்னாக என்றாள் செல்லி, முழுசாக, சக்கரத்து மண் குத்தக் கையோடு வைத்திருந்த கருவேலங்குச்சி தன்னால் கீழே இறங்கியது, மனைவிக்குக் கீழே, கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்குகிற இடத்தில், சும்மா குத்தினேன், ஒரு பொருக்கு விழுந்தது, கீழே கல் சமமாக இல்லை, குழி இருந்தது, இன்னும் கொஞ்சம் சுரண்டினேன், அ.

குச்சியை எறிந்துவிட்டு நகத்தால் பறித்தேன், பறிக்கப் பறிக்க வந்தது, இந்தத் தடவை மண் வந்து மூடவில்லை, ட, அந்த ட-வின் அடி அவள் எழுதுகிற மாதிரியே தொங்கியிருந்தது, டை, பிறகு க, பிறகு கி, அடைககி. புள்ளி இல்லை. எந்தத் தச்சன் இப்படி எழுதுவான், அவள் நோட்டில் எழுதின தாளைக் கிழித்துக்கொண்டுபோய் இதே மாதிரி கொத்துங்க என்று கொடுத்திருக்கிறார் அந்த மனுசன், கோணல் குறையாமல், தப்புக் குறையாமல், அவள் கையெழுத்தையே வாங்கி வந்திருக்கிறார், அதற்குக் கீழே கொத்தாத வெறும் அடிக்கல், அதுவரைக்கும்தான் முதலில் குழி வெட்டியிருக்கிறார்கள், பேர் மண்ணுக்கு மேலே நின்றிருக்கும், நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டு எட்டலை என்றேன், ஒரு சாண் இறக்குங்க என்றேன். மண் இருந்த கோட்டிலிருந்து பேரின் அடி வரைக்கும் கையை விரித்து வைத்துப் பார்த்தேன், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும், சரியாக ஒரு சாண். உள்ள இருக்கு தாயி என்றார், குனிந்து மண்ணைப் பார்த்துத்தான் சொன்னார், நான்தான் நெஞ்சைப் பார்த்தேன், ஐயோ, நீதான் இறக்கச் சொன்னே என்று ஒரு வார்த்தை, அத்தனை பேருக்கு முன்னால் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாமே, பத்தொன்பது வயசுப் பிள்ளை தாங்காது என்று விழுங்கியிருக்கிறார், நான் கதவைச் சாத்தினேன், கால் தடத்தைக்கூடக் கழுவினேன். வாய்விட்டு அழுதேன், மதலைமுத்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

வண்டிக்குச் சொல்லவாம்மா, ஏத்தி விடுறேன் என்றார் பிறகு. வேண்டாம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மச்சான் வயல்தான், ரோட்டுக்காரர்கள் கை வைக்க முடியாது, வரப்போரம் இங்கேயே நடுங்கள் என்றேன். எம்புட்டு ஆழம்மா எடுக்க என்று கேட்டார். பேர் வெளியே தெரியணும், அதுக்குக் கீழே உள்ள வெறுங்கல்லு மட்டும்தான் மண்ணுக்குள்ள போகணும். அம்புட்டு ஒசரத்துல நட்டா எட்டாதேம்மா, எப்படிச் சுமை வைக்கிறது. எட்ட வேணாங்க, எட்டலைன்னு இனிமே யாரும் சொல்ல மாட்டாக என்றேன். முதலில் பேருள்ள கல்லை நிறுத்தினார், மண்ணைத் தள்ளி இரும்புக் கையால் தட்டினார், நான் முகத்தைக் காட்டி அதன் எதிரே நின்று குனிந்தேன், விரலில் சேறு இருந்தது, க-வுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் சரியாகிவிடும், விரல் பக்கத்தில் போய்விட்டது, நான் சரிபண்ணின வரைக்கும் போதும் என்று கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன். ஊருக்குள் இன்னும் ஒரு மைல், ரோட்டை இடுப்பளவுக்குத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள், சைக்கிள் போகாது, நடந்துதான் போகவேண்டும், என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை, மச்சான் என்று கூப்பிட்டாலே போதுமாக இருக்கும், வாய்க்காலுக்குள் கிடந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், சாய்த்து வைக்க இந்தப் பொட்டலில் இப்போது ஒரு கல் இருக்கிறது, கேரியர் சரியாக அவள் பேருக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது, ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிடிச்சுக்கடி, இந்தத் தடவயாச்சும் விட்டுடாத, அந்த மனுசனப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுறேன்.