விமலநாதனுக்கு வைத்த ஸ்பீக்கர்

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காமலே ஓர் ஆயுளை நடத்தி முடிக்கும் ஆற்றல் கண்டி மாவட்டத்தில் எனக்கு மட்டுமே இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். பரீட்சை எழுதினால் பெறுபேறு பார்க்கப் போக மாட்டேன். யாராவது வந்து திட்டும்போது தெரிந்துகொள்வேன். வீட்டுக்குப் போன் எடுத்தால் ஒரு ரிங்கோடு வெட்டிவிடுவேன். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அம்மாவுக்கு ஒரு ரிங் கொடுப்பது, அந்த யுத்த வருஷங்களில் எங்கள் மஹய்யாவ வீடுகளின் வழக்கம். ரிங் அடித்தால் பிள்ளையை ஆமி பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடித்த ரிங் அம்மாவின் காதில் விழுந்ததா என்பது அம்மாவின் பாடு.

இந்தக் கொள்கையோடுதான் நான் புரோகிராமும் எழுதினேன். சி மொழியில் இயந்திரத்திடம் ஒரு வேலையை ஏவினால், அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். வேலை நடந்ததா, கெட்டதா என்பது அந்த எண்ணில் இருக்கும். அதை வாங்கிப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். நான் விட்டேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்பனி. டியூசன் வகுப்புகளுக்கு மென்பொருள் செய்துகொடுத்தோம். பிள்ளை வகுப்புக்குள் நுழைந்து அட்டையைத் தேய்த்தால், செய்தி தொலைபேசி லைன் வழியாக எங்கள் அறைக்கு வரும். எங்கள் ஜன்னலில் இருக்கும் மோடம், "உங்கள் பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டார்" என்று தாயின் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். அனுப்பும் பகுதி என்னுடையது. நான் அனுப்பச் சொல்வேன். உடனே திரையில் "அனுப்பப்பட்டது" என்று போடுவேன். இடையில் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

விமலநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு மேலதிகாரி. என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் மனைவி கமலாசனிக்குப் போன் எடுப்பார். "வந்திட்டன். கேக்குதோ? கேக்குதெண்டு சொல்லும். ம்... சரி." அவர் மனைவி கேட்கிறது என்று சொல்லும்வரை வைக்க மாட்டார். தேத்தண்ணி நேரத்தில் ஒரு வாழைப்பழத்தைக் காதில் வைத்து அதை அப்படியே நடித்துக் காட்டுவேன். ஞானேஸ்வரி, எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். என் சம்பளத்தைவிட எனக்கு முக்கியமானது அந்தச் சிரிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை அதை விமலநாதன் பறித்துக்கொண்டார்.

எல்லோரையும் கூட்டிவைத்து, சுவரில் பெரிய திரை போட்டு, எழுதியதைச் சோதித்து இயந்திரத்துக்கு மாற்றிக்கொடுக்கும் கம்பைலரை எல்லா எச்சரிக்கைகளையும் சொல்லும்படி விட்டு என் புரோகிராமைக் கொடுத்தார். திரை நிரம்பி வழிந்தது. வரிக்கு வரி ஒரே முறைப்பாடு: திரும்பி வந்ததை இவன் பார்க்கவில்லை, இங்கேயும் பார்க்கவில்லை.

"தம்பி, என்ன திரும்பி வந்ததெண்டு பாத்தனீரோ?"

"இல்லை சேர்."

"இது புரோகிராம் இல்லையடாப்பா. நேர்த்திக்கடன். கேட்டுப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு போறீர்."

ஞானேஸ்வரி சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். சரித்திரத்தில் பெரிய பழிகளுக்குக் கூந்தலும் ரத்தமும் தேவைப்பட்டிருக்கின்றன. எனக்கு ஒரு ஸ்பீக்கர் போதும்.

முதலில் எச்சரிக்கைகளின் வாயை அடைக்கப் பார்த்தேன். எனக்கு இந்தப் பதில் வேண்டாம் என்று ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அடைப்புக்குறி போட்டேன். கம்பைலர் மசியவில்லை, அதுவும் யாழ்ப்பாணம்தான் போலிருக்கிறது. போதாததற்கு எச்சரிக்கை ஒன்று இருந்தாலே புரோகிராம் உருவாகாதபடி விமலநாதன் பூட்டுப் போட்டுவிட்டார். சரி, பார்க்கச் சொன்னீர்கள், பார்க்கிறேன். நீங்கள் போதும் என்று கதறும்வரை பார்க்கிறேன்.

அவர் அடுத்தவனை ஏசும்போது அவருடைய குரலை என் நோக்கியாவில் பதிந்தேன். பக்கத்து மேசை பாயிஸ், அவனுடைய நானா, அதாவது அண்ணனின் கேசட் கடையிலிருந்து கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"ஒனக்குப் பைத்தியமா மச்சான்? வேலை போயிரும்."

"போகட்டும். மானம் போயிட்டுதே."

"அது எப்ப இருந்திச்சி?" என்றான் பாயிஸ்.

ஒரு கிழமை இரவும் பகலுமாக இருந்தேன். பதில் பார்க்காத ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வைத்தேன். கெட்டால், பிள்ளையின் பெயரும் தாயின் போன் நம்பரும் திரையில் வரும், கூடவே விமலநாதனின் கதிரைக்குப் பின்னால் அலுமாரிக்கு மேலிருந்து அவருடைய குரலே அவரிடம் கேட்கும்: "என்ன திரும்பி வந்ததெண்டு பாத்தனீரோ?" ஸ்பீக்கரை ஒலிக்கவிடும் வரியைக்கூடக் கம்பைலர் மறித்து, அது ஒலித்ததா என்று பார்க்கச் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை. கட்டுகஸ்தோட்டை வகுப்பில் பிள்ளைகள் அட்டை தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள். வழக்கமாக ஒன்றிரண்டு செய்தி கெடும் என்பது என் கணக்கு. விமலநாதன் ஒன்றிரண்டு தடவை துள்ளுவார், ஞானேஸ்வரி பார்ப்பாள், நான் முகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன்.

அலுமாரி வாய் திறந்தது. "என்ன திரும்பி வந்ததெண்டு பாத்தனீரோ?"

விமலநாதன் திரும்பினார். அடுத்த நொடி மறுபடி. பிறகு மறுபடி. ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. நான் காத்திருந்த நேரம் இதுதான்.

"ஆர் இந்தாள்?" என்றார் விமலநாதன். "நல்ல கேள்விதான் கேக்குது."

தன் குரல் அவருக்கே தெரியவில்லை. ஒரு கிழமை உழைப்பு, அப்படியே மகாவலி ஆற்றோடு போனது.

அவர் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "இதென்ன, எல்லாமே கெட்டுப்போய் வருது?"

பாயிஸ் கீழே ஓடிப் போய் வந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பொதி ஒன்று கிடந்ததாம், ஆமி பாலத்தை மூடிவிட்டதாம், குண்டு என்று ஊரே கதைக்கிறதாம். சிக்னலையும் வெட்டிவிட்டார்கள், கைத்தொலைபேசி ஒன்றும் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் வகுப்புக்குள் பத்திரமாக இருக்கிறார்கள், ஆனால் எந்த வீட்டுக்கும் அது தெரியாது. என் பழைய புரோகிராம் என்றால் இந்நேரம் எல்லோருக்கும் "அனுப்பப்பட்டது" என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஸ்பீக்கர் இன்னொரு தடவை கேட்டது. திரையில் மேனகா என்று வந்தது. கீழே இருந்தது எங்கள் அம்மாவின் நம்பர்.

மேனகா என் தங்கச்சி. அம்மா அழகம்மாவின் அடையாள அட்டை தொலைந்து, புதியதற்கு எழுதிப்போட்டுப் பல மாதம். அட்டை இல்லாமல் அவள் அந்தப் பாலத்தடிக்குப் போய்ப் பிள்ளை பிள்ளை என்று தமிழில் கத்தினால், பிள்ளை வீட்டுக்கு வரும், அம்மா வர மாட்டாள்.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் கடைக்கு லேண்ட் போன் உண்டு. எடுத்தேன்.

"செல்லப்பா கடை."

"அண்ணே, லெச்சு பேசுறேன். அம்மா இருக்கா?"

"எங்க இருக்கு? செருப்ப மாட்டிக்கிட்டு கட்டுகஸ்தோட்ட பஸ்ஸுக்கு நிக்குது."

"புடிங்க அண்ணே, புடிங்க!"

"பஸ்ஸயா?"

"அம்மாவ!"

ரிசீவர் மேசையில் விழுந்தது. செல்லப்பா கத்துவதும், பஸ் ஒன்று வந்து நிற்பதும், கண்டக்டர் கத்துவதும் கேட்டது. பஸ் போனது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் வெட்டவில்லை.

"டேய் லெச்சு!" அம்மாவின் மூச்சு இரைத்தது. "பாலத்துல குண்டாம்டா. புள்ளகிட்ட இருந்து ஒரு தகவலும் வரல."

"மேனகா வகுப்புலதான் இருக்கும்மா. கார்டு தேச்சிருக்கு. நீங்க போகாதீங்க."

"நீ பாத்தியா?"

அலுமாரியும் அதே நேரத்தில் அதையேதான் கேட்டது. பாயிஸைப் பார்த்துக் கை காட்டினேன். பாயிஸ் மற்றப் போனில் வகுப்பைப் பிடித்தான். முன் வாங்கில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்த மேனகாவைக் கூப்பிட்டு, பேசவைத்து, "அண்ணா நான் இங்கதான்" என்பதை என் காதால் கேட்ட பிறகுதான், "பாத்துட்டேன்மா" என்றேன்.

பிறகு விமலநாதன் எங்களை விடவில்லை. லேண்ட் போன் உள்ள வீடுகளுக்கெல்லாம் எடுத்தோம். இல்லாத வீடுகளுக்குப் பக்கத்துக் கடை, பள்ளிவாசல், பேக்கரி. ஒவ்வொரு வீட்டிலும் "விளங்கினதோ? சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டுமாம். ஞானேஸ்வரி அடுத்தடுத்து நம்பர் சுழற்றித் தந்தாள். சிரிக்கவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் முதலாளி வந்தார். நடந்ததைக் கேட்டு, ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தார். இனி எல்லா வகுப்புகளிலும் இதே குரலை வைக்க வேண்டும் என்றார்.

"ஆரின்ர யோசனை?" என்று கேட்டார்.

"லெட்சுமணன்தான் செய்தவர்," என்றார் விமலநாதன். "நல்ல வேலை. ஆனா அந்தக் குரல்காரன் கொஞ்சம் அமத்திக் கதைச்சிருக்கலாம்."

பழிவாங்கப் போய் எதிரிக்கு ஊர் ஊராகச் சிலை வைத்துவிட்டேன். இதற்குப் பழிவாங்காமல் விடுவதில்லை. நேரம் வரும்.

பொதிக்குள் இருந்தது யாரோ மறந்துபோன கத்தரிக்காயாம். பின்னேரம் பாலத்தைத் திறந்தார்கள். மேனகாவைக் கூட்டிவரப் பாயிஸோடு பஸ் ஏறினேன். சாவடியில் இறக்கினார்கள், அட்டை பார்த்தார்கள், ஏற்றினார்கள். பாயிஸ் ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து நம்பரை அழுத்தினேன். சிக்னல் திரும்ப வந்திருந்தது. ஒரு ரிங் அடித்தது. விட்டேன். இன்னொன்றும் அடித்தது.

"என்னடா, ரிங் குடுத்துட்டு வைக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா. "காசு போகுது."

"தாண்டிட்டோம்," என்றேன் மெதுவாக. "கேக்குதா?"

"கேக்குதுடா."

"கேக்குதுன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. கேக்குது."

"ம்... சரி," என்று வைத்தேன்.

பாயிஸ் கண் திறக்காமலே, மடியிலிருந்த பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் பக்கம் நீட்டினான்.