ஊதுகிற மெசினும் பூக்கோவாச் சோறும்

மில்லிக்கனில் கிருபனின் வீட்டுக்குள் கராஜ் வழியாக நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு ஆணிகள். ஒன்றில் கார்த் திறப்பு தொங்கும். மற்றதில் கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு மெசின் தொங்கும். சாமிப் படம் மாட்ட வேண்டிய இடத்தில் இது என்ன என்று கிருபனின் மாமியார் ஒருமுறை கேட்டார். அந்த வீட்டில் சாமியைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம் என்று யார் அவருக்குச் சொல்வது?

ஒஷாவாவில் வேலை முடிந்து மாலை வந்ததும் கிருபன் சப்பாத்தைக் கழற்றுவான். மெசினை எடுத்து ஊதுவான். மனைவி கௌசியிடம் நீட்டுவான். பூச்சியம், புள்ளி, பூச்சியம், பூச்சியம். அவள் பார்த்து "ம்" என்பாள், திறப்பை வாங்கி ஆணியில் மாட்டுவாள். மூச்சில் மது இருக்கிறதா என்று காட்டுகிற மெசின் அது. பொலிஸ்காரர் கையில் இருப்பதற்குத் தங்கச்சி முறை. பதினாலு மாதமாக இதுதான் நடைமுறை.

அதற்கு முன்னால் ஒரு சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு, நடந்தது. மண்டபத்துக்குள்ளே பெண்கள் தட்டுச் சுமக்க, வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆண்கள் ஒரு வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துத் தங்கள் சடங்கைச் செய்தார்கள். கிருபன் அதில் முன்வரிசை. வீடு திரும்பும் வழியில் பொலிஸ் மறித்தது. ஊதச் சொன்னது. மூன்று நாளைக்கு லைசென்ஸைப் பறித்தது. மண்டபத்திலிருந்து வந்த கார்கள் எல்லாம் அந்த இடத்தில் மெதுவாகி, உள்ளிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மானம் கப்பலேறியது. கௌசி பட்டுச்சேலையோடு வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தாள். பின்சீற்றில் மகள் கஜனி, அப்போது பதினைந்து வயது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கௌசி ஒன்றே ஒன்று சொன்னாள். "இன்னொருக்கா குடிச்சிட்டுக் கார் எடுத்தியள் எண்டால் நானும் பிள்ளையும் மொன்றியலுக்கு அண்ணை வீட்டை போறம்."

கத்திச் சொல்லவில்லை. கௌசி கத்துகிற விஷயங்கள் ஆபத்தில்லாதவை. கிருபன் அன்றோடு நிறுத்தினான். அடுத்த கிழமை மெசின் வந்தது. முதலில் அவமானமாக இருந்தது, பிறகு அந்தப் பூச்சியத்தில் அவனுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எடுக்காத மார்க்கை இங்கே எடுக்கிறான் என்று கஜனி பகிடி பண்ணுவாள்.

குடியை விட்ட வாய் சும்மா இருக்குமா? இனிப்பைப் பிடித்தது. வைகாசியில் இரத்தம் சோதித்த டொக்டர், மூன்று மாதச் சராசரிச் சுகர் எட்டரையில் நிற்கிறது, குளிசை எழுதுகிறேன் என்றார். நாற்பத்தாறு வயதில் குளிசைப் பெட்டியோடு திரிய கிருபனுக்கு மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டால் குறைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தான்.

அவனுடைய காரில் ஒஷாவாவுக்கு வேலைக்குப் போகும் மஃரூபுக்கும் சுகர். இரண்டு பேரும் ஒரே நாளில் கீட்டோ என்கிற பத்தியத்தில் இறங்கினார்கள். சோறு இல்லை, பாண் இல்லை, பழம்கூட இல்லை. பூக்கோவா என்கிற காலிஃபிளவரைத் துருவி அதற்குச் சோறு என்று பெயர் வைத்தார்கள். காலையில் கோப்பிக்குள் பட்டர். மத்தியானம் ஆளுக்கு நாலு முட்டை. ஐந்தாம் கிழமை கிருபனின் இடுப்புப் பட்டிக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்க்கும் பழக்கமும் வந்தது.

ஆறாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை, மெசின் 0.02 என்றது.

கௌசி பார்த்தாள். "ம்" வரவில்லை.

"இன்னொருக்கா ஊதுங்கோ."

ஊதினான். 0.02.

"சத்தியமாக் குடிக்கேல்லை, கௌசி. மெசின் பழுதாப் போச்சு."

அவள் மெசினை வாங்கித் தானே ஊதினாள். பூச்சியம். கிட்ட வந்து அவன் வாயை மணந்தாள். பழம் புளித்தது போல ஒரு மணம் அடித்தது. திறப்பை ஆணியில் மாட்டவில்லை. தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போனாள்.

மூன்று நாள் அப்படியே போனது, வேலைக்கு மஃரூபின் காரில்தான் போய்வந்தான். ஒவ்வொரு மாலையும் மெசின் 0.02 அல்லது 0.01 என்றது, கௌசி "இன்னொருக்கா" என்றாள், கிருபன் கொதித்தான். "நீர் என்னை நம்பேல்லையோ? பதினாலு மாசம் ஊதினனே, அது கணக்கில இல்லையோ?" குடித்துவிட்டு ஏச்சு வாங்கியபோது வராத கோபம், குடிக்காமல் வாங்கும்போது வந்தது. இதற்கிடையில் கௌசி அண்ணனோடு ரெலிபோனில் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்ததை அவன் கண்டான். 

கஜனிதான் போனில் தேடிப் பிடித்தாள். "அம்மா, அப்பா பொய் சொல்லேல்லை. கீட்டோ செய்தால் உடம்பு கொழுப்பை எரிக்குமாம், அப்ப மூச்சில அசிட்டோன் வருமாம். சீப் மெசின் கன்ஃபியூஸ் ஆகுமாம். லைக், இட்ஸ் எ திங்."

"இன்ரநெற்றில வொட்கா உடம்புக்கு நல்லது எண்டும் கிடக்கும்" என்றாள் கௌசி.

அப்போதுதான் கிருபனின் மண்டைக்குள் மஃரூபின் முகம் வந்தது.

மஃரூப் மன்னாரில் பிறந்தவர், கௌசிக்கு 'நானா', அண்ணன் முறை. ஐந்து வேளையும் தொழுகிறவர். இருமல் மருந்து வாங்கினாலும் போத்தலைத் திருப்பி, பின்னால் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் வாசித்த பிறகே காசு கொடுப்பார். வெள்ளிக்கிழமை வேலையால் வரும்போது கிருபன் அவரைத் தேத்தண்ணிக்கு உள்ளே கூப்பிட்டான். அவர் கதிரையில் இருந்ததும் கௌசி மெசினை நீட்டினாள்.

"எனக்கு எதுக்குத் தங்கச்சி உது?"

"சும்மா ஒருக்கா ஊதுங்கோ, நானா."

அவர் சிரித்துக்கொண்டே ஊதினார். மெசின் கொஞ்சம் யோசித்தது. 0.03.

மஃரூபின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "யா அல்லாஹ்! உது என்ன அநியாயம்? என்ர வாயில ஒரு சொட்டு..." எழும்பிவிட்டார். கைக்குட்டையால் மெசினின் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஊதினார். 0.03. "தங்கச்சி, நான் பிறந்ததிலயிருந்து..."

கௌசிக்குச் சிரிப்பு வெடித்தது. அடுப்படி மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கஜனி சிரிப்பில் தரையிலேயே குந்திவிட்டாள். மஃரூப் மட்டும் சிரிக்கவில்லை. "என்ர மனுசி ஸெய்னம்புவுக்கு உதைச் சொல்லிப்போடாதைங்கோ" என்று வாசல்வரை மூன்று தரம் கேட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் கௌசி திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள். "குறை நினைக்காதைங்கோப்பா. இனி உது ரெண்டெண்டாலும் மூண்டெண்டாலும் நான் கேக்கமாட்டன்." அவனுடைய கையைப் பிடித்துச் சொன்னாள்.  அன்று கிருபன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அடுத்த ஞாயிறு ரூஜில் இருக்கும் பழைய கூட்டாளி சச்சிதானந்தன் அண்ணையின் வீட்டில் பார்பிகியூ. கௌசிக்கு வீட்டில் வேலை, கஜனிக்கு மாலையில் கோப்பிக் கடையில் வேலை. கிருபன் தனியாகப் போனான். பின்வளவில் புகை, ஆட்டிறைச்சி, பழைய பாட்டு. சச்சி அண்ணை இவனுடைய இடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"என்னடா, பாதியாப் போனாய்! கீட்டோவோ? அப்ப உனக்குப் பியர் கூடாது. வொட்காவில மாச்சத்தே இல்லை. சோடாவும் தேசிக்காய்ப் புளியும் விட்டால் பச்சைத் தண்ணிதான்."

கிருபன் வேண்டாம் என்றான். பதினாலு மாதமாக எத்தனையோ வீட்டில் வேண்டாம் என்றிருக்கிறான், அது அவனுக்கு மனப்பாடம். ஆனால் அந்த நாட்களில் எல்லாம் மாலையில் ஒரு மெசின் இருந்தது. இன்று அதன் வாய் கட்டப்பட்டிருந்தது. ஊதினால் என்ன காட்டும்? ரெண்டோ மூண்டோ. கேட்கமாட்டாள். அவளே சொன்னாள்.

இந்த நினைப்பு எப்போது வந்தது என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை. கை கிளாஸை வாங்கிவிட்டது. ஒன்று. அதன் பிறகு இன்னொன்று. முந்தி நாலு அடித்தாலும் அசையாதவனுக்கு, மாச்சத்தில்லாத உடம்பில் இரண்டே காதைச் சூடாக்கியது. ஒரு மணித்தியாலம் இருந்து இறைச்சி சாப்பிட்டான். பிறகு காரை எடுத்தான். ஸ்ரீல்ஸ் வீதி முழுக்க வேக எல்லை ஏதோ தனக்காகவே போட்டது போல ஊர்ந்து, ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

சப்பாத்தைக் கழற்றினான். ஊதினான். 0.06.

கௌசி தோய்த்த உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். "ஆறோ? இண்டைக்கு இறைச்சி கூடப்போல. மஃரூப் நானாவையும் வெண்டிட்டியள்" என்று சிரித்தாள். அவன் திறப்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"வைச்சிருங்கோ. கஜனிக்கு ஆறு மணிக்கு வேலை. நான் உடுப்பு மடிக்கவேணும், ஒருக்காக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ."

கஜனி காதில் பாட்டோடு படியிறங்கி வந்து, அவனைத் தாண்டி கராஜுக்குள் போனாள். முன்சீற்றில் ஏறினாள். பெல்ற் கிளிக் என்று விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்துக் கை காட்டினாள், வாங்கோ என்று.

கிருபன் திறப்போடு நின்றான். அந்தச் சாமத்திய வீட்டு நாளில் பொலிஸ்காரன் முன்னால் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை. கௌசி சந்தேகப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். நம்பிவிட்டாளே.

"கௌசி."

"என்னப்பா?"

"உது கீட்டோ இல்லை."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். மெசினைக் கையில் எடுத்தாள். இலக்கம் இன்னும் அணையவில்லை.

"எத்தினை?"

"ரெண்டு."

"ரூஜிலயிருந்து நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தனியள்?"

"ஓம்."

கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. அவன் கையிலிருந்த திறப்பை எடுத்தாள், வீட்டுச் செருப்போடு போய்க் காரில் ஏறினாள். கஜனி ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றி ஏதோ கேட்பது தெரிந்தது. கராஜ் கதவு மூடிக்கொண்டது.

நாற்பது நிமிஷம் கழித்துக் கௌசி திரும்பி வந்தபோது கிருபன் அடுப்படியில் இருந்தான். முன்னால் ஒரு கோப்பை நிறையப் புழுங்கலரிசிச் சோறு, மேலே பருப்பு. அவளுக்கும் மகளுக்கும் என்று வடித்த சோறு. குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழு கிழமைக்குப் பிறகு சாப்பிடுகிற சோறு, ருசி ஒன்றும் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

"சுகர்?" என்றாள்.

"டொக்டர் குளிசை தருவார். நாளைக்குப் போறன்." கையை உதறிவிட்டு அவளைப் பார்த்தான். "உந்தப் பத்தியத்தோட இருந்தால் நான் திரும்பவும் குடிப்பன், கௌசி. எனக்கு என்னைத் தெரியும். மெசின் மெசினா இருக்கட்டும்."

கௌசி போவேன் என்றும் சொல்லவில்லை, இருப்பேன் என்றும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, துருவி வைத்திருந்த பூக்கோவாவைக் குப்பைக்குள் கொட்டினாள். திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள்.

அந்தக் கிழமையும் மஃரூப்தான் தன் காரில் வந்து கிருபனை ஏற்றினார். திங்கட்கிழமை மாலை மெசின் 0.02 என்றது. உடம்பில் மிச்சமிருந்த கீட்டோ. கிருபன் அதைச் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. செவ்வாய் 0.01.

புதன்கிழமை பூச்சியம் வந்தது. கௌசி மெசினை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னொருக்கா ஊதுங்கோ" என்றாள்.

கிருபன் ஊதினான்.