பத்து நாள் சார்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய வங்கிக் கணக்கில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தெருவுக்கும் கடைவீதிக்கும் அவர் ‘பத்து நாள் சார்’. வாகனக் காப்பீட்டு முகவர். யாருடைய வண்டிக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறதோ, அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

“வணக்கம். இன்னும் பத்து நாள். மறதி நோய் இல்லை, பழக்கம். பழக்கத்தை மாத்திக்கலாம்.”

எதிர்முனையில் இருப்பவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, பெண்டாட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, வசனத்தில் ஓர் எழுத்து குறையாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, மகனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, “அப்பா வண்டிக்கு இன்னும் பத்து நாள் தம்பி” என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்டினார். அந்தப் பட்டப்பெயரைத் தெரு கேலிக்கு வைத்தது. அவர் அதைப் பல்கலைக்கழகம் கொடுத்ததைப் போல ஏற்றுக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடுகிற அளவு அலுவலகம். வாசலில் நீலப் பலகை. அதில் அவரே சிந்தித்து உருவாக்கிய வாசகம்: ‘நாளை என்று நினைத்தவன் நேற்றே தாமதமானான்.’ எழுதியவர் அதே தெருவின் போர்டு பெயிண்டர். எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தி, “இதுக்கு என்ன சார் அர்த்தம்?” என்று கேட்டார். முகவர் கால்மணி நேரம் விளக்கினார். பெயிண்டர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, “எழுத்து அழகா வரும் சார், அது என் பொறுப்பு. அர்த்தம் உங்க பாடு” என்றார்.

உள்ளே, மேசைமேல், ஒரு நீளமான பதிவேடு. மாதவாரியாக முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் மறந்துபோகக்கூடியவர்களின் பெயர்கள். எனவே அதில் அவர் பெயர் இல்லை.

வணிகர் சங்கம் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடியபோது சிறப்புரைக்கு வேறு யாரைக் கூப்பிடும்? காலை பத்து மணிக்குக் கூட்டம். மண்டப வாசலில், சாலையோரமாக ஏணி போட்டு, அதே பெயிண்டர் தான் எழுதிய துணிப் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தார். முகவரின் சாம்பல் நிறக் கார் வந்ததும் சங்கச் செயலாளர் ஓடிவந்து, விருந்தினருக்கென்று ஒதுக்கிய இடத்தைக் காட்டினார்.

“வரலாம் சார், வரலாம்! இன்னும் வரலாம்! தாராளமா வரலாம்!”

முகவர் பின்னால் பார்க்கவில்லை. வாசலில் சால்வையோடு நின்ற நான்கு பேரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துக்கொண்டே காரைப் பின்னால் எடுத்தார். ‘வரலாம்’ என்பது திடீரென்று “ஐயையோ” ஆனபோது ஏணி சாய்ந்துவிட்டிருந்தது. பெயிண்டர் துணிப் பலகையோடு தரையில் கிடந்தார். ‘கவனம் உயிர் காக்கும்’ என்பதில் ‘கவனம்’ மட்டும் மேலே ஒரு முடிச்சில் தொங்கியது.

வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. கை போன கோணத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்டம் கூடி, யாரோ “போலீசுக்குச் சொல்லுங்கப்பா” என்றதும், வலியில் வியர்த்துக்கொண்டிருந்த பெயிண்டரே அவர்களை அடக்கினார்.

“சத்தம் போடாதீங்க. யாருன்னு பார்த்தீங்களா? பத்து நாள் சார். அவர்கிட்ட எல்லாம் பக்காவா இருக்கும். என் ஓட்டை மொபெட்டுக்கே வருஷாவருஷம் விடாம துரத்திக் கட்டவச்சவரு. எனக்கு ஒரு பைசா செலவு வராது, பாருங்க.”

பெயிண்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு முகவர் காருக்குள் உட்கார்ந்து, முன்பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதன்மேல் அவர் கைப்பட ‘ஆவணங்கள்’ என்று ஒட்டியிருந்தார். உள்ளே காப்பீடு. முடிந்து நான்கு மாதம். அடியில் ஓட்டுநர் உரிமம். முடிந்து ஒரு வருடம் இரண்டு மாதம்.

ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதிகள் மாறவில்லை.

எப்படி நடந்தது என்பது அவருக்கே உடனே விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை. நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் செய்திகள் வாடிக்கையாளருக்கு வருவதோடு முகவருக்கும் வரும். அவருடைய காப்பீடு முடியவிருந்த மாதம் நாற்பத்தொன்று வந்தன. நாற்பது பேருக்குப் போன் செய்து, அந்தச் செய்திப் பட்டியலில் எதிரே டிக் போட்டார். நாற்பத்தொன்றாவது அவருடையது. ‘சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தெரியும்’ என்று அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். உரிமத்துக்கு அந்த டிக்கும் இல்லை. அதை யார் அவரிடம் கேட்கப் போகிறார்கள்?

செயலாளர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். முகவரின் முகத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தார். வியாபாரி; உடனே கணக்கைப் போட்டுவிட்டார்.

“சார்... இல்லையா?”

“வீட்டுல இருக்கு” என்றார் முகவர். முப்பது வருடத்தில் வாடிக்கையாளர்கள் தன்னிடம் சொல்லிச் சொல்லி அவர் சிரித்த அதே பொய்.

“சரி சார், வீட்டுலயே இருக்கட்டும். இதைப் பாருங்க, ஏணிங்கறது சறுக்கற சாமான். தானா சறுக்கிடுச்சு. நீங்க அப்பத்தான் தெருமுனையில வந்துட்டிருந்தீங்க. நாங்க நாலு பேரும் அதைத்தான் பார்த்தோம். பெயிண்டர் நல்ல மனுஷன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.” பிறகு சால்வையை மடித்துக்கொண்டே, “கூட்டத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாம்” என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

“போன வருஷம் என் தம்பி ஒருநாள் லேட்டாக் கட்டினதுக்கு என்ன சொன்னீங்க?”

“இப்ப எதுக்கு அது?”

“நம்ம வீட்டு விசேஷத்துல, நாப்பது பேர் முன்னாடி, ‘பொறுப்பில்லாதவன் கையில ஸ்டியரிங்கைக் கொடுக்கிறது குரங்கு கையில...’ன்னு ஆரம்பிச்சீங்க. அவன் சாப்பிடாமப் போயிட்டான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்காகத்தான். “அந்த மனுஷனுக்குக் கைதாங்க சோறு. போய்ப் பாருங்க முதல்ல.”

மறுநாள் காலை ஒரு பை பழங்களோடு மருத்துவமனைக்குப் போனார். பஸ்ஸில். எட்டுக் கட்டில்கள் உள்ள அறை, ஜன்னலோரம் பெயிண்டர். முழங்கைவரை மாவுக்கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி, கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள், பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முகவரைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். அந்த ஸ்டூலில் உட்காருவது முகவருக்கு முள்மேல் உட்காருவதாக இருந்தது.

“கம்பி வைக்கணுமாம் சார். நாலு மாசம் பிரஷ் தொடக்கூடாதாம்” என்றாள். “ஆஸ்பத்திரி ஆபீஸ்ல உங்க பாலிசி நம்பர் கேக்கறாங்க. நான் நேத்தே சொல்லிட்டேன், சார் காலையில வந்து கொடுத்துடுவாருன்னு.”

முகவர் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார், திரும்ப வைத்தார். அறையில் இருந்த மற்ற ஏழு கட்டில்களும் காதைத் தீட்டிக்கொண்டதாகத் தோன்றியது. குனிந்து, துக்க வீட்டில் பேசிய அதே தாழ்ந்த குரலில், ஏணியைப் பற்றிச் சொன்னார். சறுக்கியது பற்றி. தானாக. ‘காப்பீடு இல்லை’ என்று அவர் வாயால் வரவில்லை; “கொஞ்சம் பேப்பர் சிக்கல்” என்று வந்தது. “உங்களை நான் பார்த்துக்கறேன் தம்பி” என்றும் வந்தது. எவ்வளவு, எப்போது என்பது வரவில்லை.

பெயிண்டர் தலையணையில் முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“உங்களுக்கா சார்? பேப்பர் சிக்கலா?” அவர் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டவரின் குரல். “சரி சார். ஏணி சறுக்கிடுச்சு. அவ்வளவுதானே.”

அவர் மனைவி ஊசியை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பதினொரு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பெயிண்டர் சொல்லச் சொல்ல எழுதினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெயிண்டர் தேவைக்கு மேலேயே சொன்னார்: ஏணிக்கால் தேய்ந்தது, தரை ஈரம், தனக்கே லேசாகத் தலைசுற்றல். பத்து நாள் சார் ஓடிவந்து தூக்கிவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டார். போலீஸ்காரர் முகவரைப் பார்த்து, “நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றார். முகவர் தரையைப் பார்த்தார். தரை நன்றாகத் துடைத்திருந்தது.

“கையெழுத்துப் போடுங்க.”

பெயிண்டர் பேனாவை இடது கையில் வாங்கினார். அந்தக் கடைவீதியில் மருந்துக்கடை, பாத்திரக்கடை, பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம் எல்லாவற்றின் பலகையும் அவர் எழுத்து. முதல் எழுத்து கோணியது. இரண்டாவது அதன்மேல் ஏறிக்கொண்டது. மூன்றாவதில் பேனா வழுக்கிக் கோடு தாளைவிட்டே ஓடியது. சட்டென்று உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டார்.

“விடுங்க, பரவாயில்ல. கட்டை விரலை வைங்க” என்று போலீஸ்காரர் மைப்பெட்டியைத் திறந்தார்.

பெயிண்டர் கட்டை விரலை மையில் அழுத்தினார். தாளில் பதித்தார். பிறகு அந்த விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல், காற்றிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் எழுதத் தெரிஞ்சவன் சார்” என்றார் போலீஸ்காரரிடம். அதை இரண்டாவது முறையும் சொன்னார்.

போலீஸ்காரர் தாளை மடித்துப் பையில் வைக்கும்வரை முகவர் பேசவில்லை. அதை அவர் பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்த்தார். போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் அவர் வாய் திறந்தது.

“நான்தான் இடிச்சேன்.”

“என்னது?”

“கார்ல. பின்னாடி பார்க்காம எடுத்தேன். லைசென்ஸ் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்சூரன்ஸும் இல்ல.”

போலீஸ்காரர் திரும்ப உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார்.

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா சார்? ரெண்டு பக்கம் எழுதிட்டேன்!”

நீதிமன்றத்தில் அவரை நிறுத்திய வரிசையில் தலைக்கவசம் இல்லாமல் மாட்டிக்கொண்ட பையன்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருவன், “சார், நீங்க எங்க காலேஜ்ல பேசினீங்களே?” என்று நட்போடு கேட்டு, இடம் விட்டு நின்றான். எழுத்தர் தலைநிமிராமல் தட்டச்சு செய்தார்.

“தொழில்?”

முகவர் சொன்னார்.

“சத்தமா.”

“வாகனக் காப்பீட்டு முகவர்.”

தட்டச்சு நின்றது. எழுத்தர் தலைநிமிர்ந்தார். நீதிபதியும் நிமிர்ந்தார். வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தன் சால்வைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியதுபோல் முகவருக்குப் புழுங்கியது.

உரிமமில்லாமல் ஓட்டியதற்கு ஓர் அபராதம், காப்பீடு இல்லாததற்கு ஓர் அபராதம், கவனமின்றி இடித்ததற்கு வேறு. அதெல்லாம் அன்றே கட்டித் தீர்ந்தது. இழப்பீட்டுக்கு வேறு ஒரு நீதிமன்றம், ஏழு மாதம். காப்பீடு இருந்திருந்தால் நிறுவனம் கொடுத்திருக்க வேண்டிய சிகிச்சைச் செலவும், பெயிண்டரின் நாலு மாத வருமானமும் இப்போது முழுசாக அவர் தலையில். கார் விற்றுப் பாதி அடைந்தது. மீதியை மாதாமாதம் ஐந்தாம் தேதி பெயிண்டருக்குக் கட்டவேண்டும் என்று தீர்ப்பு. உரிமத்துக்கு முதலிலிருந்து விண்ணப்பித்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாலைக்குறிகள் தேர்வு எழுதினார். ஒன்று தப்பு.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து பதிவேட்டைத் திறக்கவில்லை. கடைசியாகப் போன் செய்த ஒருவர், “சரி சார், கட்டிடறேன். உங்களுது?” என்று மட்டும்தான் கேட்டிருந்தார். மூன்று வாரமாக மேசைமேல் பதிவேடு மூடிக் கிடந்தது. யார் யாருக்கு முடிந்துபோயிற்றோ தெரியாது. ஒன்பது மணி அடிக்கும்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அன்று ஒன்பதேகாலுக்கு அவருடைய போன் அடித்தது. பெயிண்டரின் மனைவி.

“வணக்கம் சார். இன்னும் பத்து நாள். ஐந்தாம் தேதி.” பிறகு நினைவுபடுத்திச் சேர்த்துக்கொண்டாள். “மறதி நோய் இல்ல, பழக்கம்.”

அவள் குத்திக்காட்டவில்லை. நினைவூட்டுவதென்றால் இப்படித்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, வருஷாவருஷம் கேட்டதை அப்படியே ஒப்பித்தாள். அதனாலேயே அவருக்குக் காது மடல் எரிந்தது.

“கட்டிடறேன்மா.”

“சரி சார். இன்னொண்ணு. எங்க மொபெட்டுக்கும் அதே ஐந்தாம் தேதிதான் முடியுது. ஒன்பது மணிக்கு நீங்க பண்ணுவீங்கன்னு அவரு போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. வரலன்னதும் மூஞ்சி சுருங்கிப்போச்சு. இருங்க, தர்றேன்.”

முகவர் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். பெயர் இருந்தது, தேதி இருந்தது. எதிரே டிக் இல்லை.

“சார்” என்றது பெயிண்டரின் குரல்.

“இன்னும் பத்து நாள் தம்பி” என்றார் முகவர்.

பெயிண்டர் காத்திருந்தார். “அந்த மறதி வசனம் எங்க சார்?”

“அதை எடுத்தாச்சு.”

“நல்லதாப் போச்சு. அப்ப உங்க போர்டுல இருக்கறதையும் எடுத்துடலாமா? நேத்தே, நாளைன்னு என்னமோ இருக்கே அது. எழுதத்தான் சார் வலது கை வேணும், அது இன்னும் முழுசாப் படியல. அழிக்க இடது கையே போதும். நாளைக்கு வர்றேன்.”