இருபத்திரண்டாயிரம் ரூபாய் டீச்சர்

தாளாளர் செழியனுக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியும் அதன் பின்னாலேயே ஒரு பி.எட். கல்லூரியும் இருந்தன. இரண்டுக்கும் ஊர் ஊராய் ஆள் பிடிக்கும் வேலையை ஆசிரியர்களின் தலையில் கட்டிவிட்டு, மே மாதம் முழுக்க அவர் ஏசி அறையை விட்டு நகரமாட்டார். பி.எட்.டுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் மூவாயிரம் தருவதாக இந்த வருடம் அறிவித்தார். சொல்லும்போதே பெரிய தர்மப் பிரபு போல முகத்தை வைத்துக்கொண்டார்.

கணக்கு டீச்சர் சுடர்விழிக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மாதம் ஒரு கூட்டம் போட்டு ஆசிரியப் பணி அறப்பணி என்று பேசுவதும் அதே வாய்தான். ஆனாலும் அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பி.எட். படிக்க அவள் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மூவாயிரத்து இருநூறு. இந்த மாதத் தவணை இன்னும் கட்டவில்லை.

தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்த அம்சத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். அம்சம் நடவுக்கும் களைக்கும் போகிறவள். மகள் செம்மொழி அந்த வருடம்தான் பி.எஸ்சி. முடித்திருந்தாள். கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில் அவளை வேலைக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

"கடைக்குப் போனா பதினோராயிரம்" என்றாள் அம்சம், விண்ணப்பத்தை மகளிடம் கொடுத்தபடி. "பி.எட்.டுன்னா ஒன்னர லட்சம் கடன் வாங்கணும். ஆனா முடிச்சா ஒன்ன மாதிரி இருபத்திரண்டாயிரம் வருமே. பேங்குக்கு மூவாயிரம் போனாலும் பத்தொம்பது மிச்சம். கணக்கு சரிதானே டீச்சரு?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவணைக்கு வழி பிறந்துவிடும். ஆனால் தப்பான கணக்குக்குச் சரி போட அவளுக்கு வாய் வரவில்லை. அந்த இருபத்திரண்டாயிரத்தைத் தெருவில் பரப்பியதும் அவள்தான். வேலையில் சேர்ந்த அன்று அந்தத் தொகை போட்டிருந்த நியமன உத்தரவை வீடு வீடாகக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டாளே. அதை நினைத்தால் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"இல்லத்த. என் கைக்கு வர்றது எட்டாயிரம்தான்."

அம்சத்தின் முகம் மாறியது. "எம்பொண்ணு ஒனக்குச் சமமா வந்துடுவான்னு பயமா?"

சுடர்விழிக்குச் சுருக்கென்றது. தவணை விஷயமாக வங்கிக்குப் போகவேண்டும் என்று பையில் போட்டிருந்த பாஸ்புக்கை எடுத்துச் செம்மொழியிடம் நீட்டினாள்.

செம்மொழி விரலை வைத்து வாசித்தாள். "ஒன்னாந்தேதி இருபத்திரண்டாயிரம் வரவு. அன்னைக்கே ஏடிஎம்ல மொத்தத்தையும் எடுத்திருக்கு. மூணு தடவையா."

"வருதுதானே?" என்றாள் அம்சம். "எடுத்துச் செலவும் பண்ணிட்டு, இல்லங்கிறியே."

"நான் எடுக்கலத்த. கார்டு தாளாளர்கிட்ட இருக்கு. அவரே எடுத்துட்டு எனக்கு எட்டாயிரத்தக் கவர்ல போட்டுக் குடுப்பாரு."

"ஒங்கார்டு அவருகிட்ட எப்படிப் போச்சு?"

"சேந்த அன்னைக்கே வாங்கிக்கிட்டாங்க."

"ரகசிய நம்பரு?"

"அதையும் எழுதிக் குடுத்தேன்."

அம்சம் இப்போது அவளைக் கூர்ந்து பார்த்தாள். "நீ மட்டுமா?"

"ஸ்கூல்ல முப்பத்தாறு பேரும்."

"எல்லாரும் படிச்சவங்கதானே?"

"ஆமாத்த."

அம்சம் மகளின் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி, நாலாக மடித்துச் சுடர்விழியின் மடியில் போட்டாள். இதுவரை டீச்சரை நம்பாதவள் இப்போது முழுக்க நம்பிவிட்டாள். நம்பியபிறகு அவள் கண்ணில் வந்து உட்கார்ந்த இளக்காரம் சுடர்விழிக்குப் பழக்கமானதுதான். இரண்டு வருடமாகச் செழியனை அவள் அப்படித்தான் மனசுக்குள் பார்த்து வருகிறாள். அது தன் பக்கம் திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நியாயம்தான் என்று தோன்றியதும் தலை தானாகக் குனிந்தது.

"நூறு நாள் வேலையில எங்க செட்டுத் தலைவி ஒன் அட்டய நானே வச்சுக்கிறேன்னு கேட்டா" என்றாள் அம்சம். "குடுக்க முடியாதுன்னுட்டேன். நான் ரெண்டாங்கிளாசு. கடைக்காரன் பதினோராயிரத்த எம்பொண்ணு கையில குடுப்பான், அவ அங்கயே போகட்டும். கார்டயும் குடுத்து நம்பரயும் குடுக்கறதுக்கு ஒன்னர லட்சம் கடன் வாங்கியா படிக்கணும்?"

சுடர்விழி விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.