கதவு வைத்த நத்தைக்கூடு

நாலாயிரத்து எழுநூற்று முப்பது. மகளின் பள்ளிக்கூடத்துக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி அது. சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்த மாதங்களில் சேர்ந்தது. பெரிய டீச்சர் கேட்கும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். தச்சு வேலைக்காரன் என்பதால் ஒரு நாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

“மேட்டுப் பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைங்க வகுப்பை நல்லா நடத்துறாங்களாம். ஒருத்தர்கிட்ட இருக்கிற நல்லதை இன்னொருத்தர் போய்ப் பார்த்துக் கத்துக்கணும்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. நீங்களும் டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க.”

“நான் எதுக்கும்மா? எனக்கு என்ன பாடமா நடத்தத் தெரியும்?”

“அங்க ஒரு பெட்டி இருக்கு. அளவெடுக்கணும்.”

போனோம். வகுப்பின் மூலையில் ஒட்டுப்பலகையில் செய்த பெட்டி இருந்தது. வளைந்த கூரை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. பிள்ளைகள் அதை நத்தைக்கூடு என்றார்கள். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பையன் அடுக்கிய கட்டைகளை இன்னொருத்தன் தட்டிவிட்டான். கட்டை போனவன் வீறிட்டு அழுதுகொண்டே தானாகப் போய்க் கூட்டுக்குள் உட்கார்ந்தான். அந்த வகுப்பு டீச்சர் கனத்த உடம்புக்காரம்மா. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, கூட்டின் வாயருகே காலை நீட்டி உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு கை வந்தது. அவர் தன் கையைக் கொடுத்தார். அப்புறம்தான் தலை வந்தது.

எங்கள் பெரிய டீச்சர் போனை எடுத்தார். “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா டீச்சர்? பெட்டி மறையுது.”

“நான் படத்துல விழுந்தா உங்க போனும் தாங்காது,” என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா நகர்ந்தார். “ஆனா ஒண்ணு, பெட்டியில ஒண்ணுமில்லைங்க. பக்கத்துல உட்கார்றதுதான்.”

“அதெல்லாம் எழுதிக்கிட்டாச்சு,” என்றார் பெரிய டீச்சர், படத்தைச் சரிபார்த்தபடி.

அதே அளவில், அதே பச்சை வர்ணத்தில் செய்து கொடுத்தேன். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் போட்டிருந்தார்கள். சின்ன டீச்சர் ஒருத்திதான். கூட்டின் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் பின்னால் ஒன்று இன்னொன்றைக் கடித்துவைக்கும். எழுந்து ஓடுவாள். உள்ளே இருந்த பிள்ளை வெளியே வந்து முன்னைவிடப் பெரிதாக அழும்.

“ஒரு கதவு போட்டுடுங்க,” என்றார் பெரிய டீச்சர். “உள்ள கொஞ்சம் அமைதியா இருக்கும்.”

தள்ளினால் திறக்கிற மெல்லிய பலகைக் கதவு ஒன்றை மாட்டினேன். காற்றுக்குத் துளைகளும் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு காலையில் மகளை விடப்போனபோது வாசலில் சத்தமே இல்லை. விடுமுறையோ என்று நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக, பொம்மைக் கடையில் அடுக்கிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வகுப்பில்தான் இருந்த என் மகளைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். ஓயாத வாய். அன்றைக்குச் சாயங்காலம் அலமாரிக் கதவில் அவள் விரல் நசுங்கியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

“வெளிய வாடி, விரலைப் பார்க்கணும்,” என்று என் மனைவி குனிந்தாள்.

அடியிலிருந்து கிசுகிசுப்பாக வந்தது: “சத்தம் போட்டா இன்னும் நேரம் ஆகும்மா.”

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “என்னத்தைய்யா செஞ்சு குடுத்தே அங்க?”

மறுநாள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சேர்த்துக்கொள்கிறோம், மாற்றுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள். இங்கே வந்து கேட்டேன்.

“பாக்கியைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க,” என்றார் பெரிய டீச்சர். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க. இப்ப நாற்காலியைச் சாத்தி வைக்கிறோம், பார்க்க நல்லாயில்லை. செவ்வாய்க்கிழமை வேற பள்ளிக்கூடத்துலேர்ந்து நம்ம முறையைப் பார்க்க வர்றாங்க. பாக்கியைத் தள்ளுபடி பண்ணிடறேன்.”

வீட்டில் சொன்னேன். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “போடப் போறியா?”

“சின்ன வேலைதான். நம்ம புள்ள வெளிய வந்துடும்.”

“மத்ததுங்க?”

மறுநாள் இழைப்பு மிஷினைச் சாக்கில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் என் மச்சான் முறை. “இதையும் வித்துட்டு எதை வெச்சு மாமா இழைப்பே? பல்லை வெச்சா?” என்றார். பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, கடைசி நாள்தானே என்று குருவியை அனுப்பிவிட்டு, பணத்தோடு பின்னால் போனபோது அலுவலக அறையில் ஆளில்லை. வகுப்பில் இருந்தார்கள். வந்திருந்த இரண்டு டீச்சர்களில் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க புள்ளைங்களா இருந்தா இந்நேரம் கூரை பறந்திருக்கும். எப்படிங்க இப்படி உட்கார வெச்சீங்க?”

“எல்லாம் இதான்,” என்று பெரிய டீச்சர் கூட்டைக் காட்டினார். கதவில் ஒரு நாற்காலி சாத்தியிருந்தது. பார்வைக்கு அழகாக அதன்மேல் ஒரு பூச்சாடி. இன்னொரு டீச்சர் டேப்பை நீட்டி அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஒன்றுகூட விருந்தாளிகளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அந்த நாற்காலிமேல் இருந்தது. நான் குருவியைத் தேடினேன். முன்வரிசையில் இல்லை. கடைசி வரிசையிலும் இல்லை.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?” என்று வந்தவர் கேட்டார்.

“இல்லைங்க. சும்மாதான் இருக்கு.”

சின்ன டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் யாரையும் கேட்கவில்லை. பூச்சாடியை இறக்கினேன். நாற்காலியை நகர்த்தினேன். கதவைத் திறந்தேன்.

குருவி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் அழவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

“மூடுப்பா,” என்றாள். “இன்னும் நேரம் ஆகலை.”

அளந்துகொண்டிருந்தவர் கையிலிருந்த டேப் படீரென்று உள்ளே சுருண்டது. அறை முழுக்கப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்கள். அப்போதும் சத்தமில்லை.

அலுவலக அறையில் பெரிய டீச்சர் சான்றிதழை எழுதிக்கொண்டே பேசினார். “வேணும்னு இல்லைங்க. சின்ன டீச்சர்தான் உள்ள புள்ள இருக்கிறதை மறந்துட்டா. அவளும் எத்தனையைத்தான் பார்ப்பா? எனக்கும் வேற ஆள் கிடைக்கலை. உங்க பாக்கி மொத்தத்தையும் தள்ளுபடின்னு போட்டுடறேன். இதை வெளிய பேசிக்கிட்டிருக்க வேண்டாம். சரிதானே?”

குருவி என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். மூச்சு விடுகிறாளா என்று முதுகில் கைவைத்துப் பார்த்துக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“தள்ளுபடி வேண்டாம்மா. கட்டினதாவே எழுதுங்க.”

“எதுக்குங்க இந்த வீம்பு? வெச்சுக்கிட்டா உங்களுக்கு உதவும்ல?”

“உதவும்தான். ஆனா நான் பேசணும்மா. வந்திருக்காங்களே ரெண்டு பேர், அவங்ககிட்டேர்ந்து ஆரம்பிச்சு.”

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் அந்த இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் பணத்தை எண்ணி இழுப்பறையில் போட்டுவிட்டு, ரசீது எழுதி முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்துக்குக் குருவி என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். ரசீதில் ‘பாக்கி இல்லை’ என்று இருந்தது.