எரியாத சாயம்

சலூன்காரப் பெண் வினோதினி என் பின்னலை அவிழ்த்து, விரலால் கோதிப் பார்த்தாள். வேரிலிருந்து நாலு விரல் அளவுக்குச் செம்பட்டை, அதற்குக் கீழே பழைய சாயத்தின் வெளுத்த கருப்பு. "இந்த செப்புக் கலரு எங்கக்கா போட்டீங்க? சூப்பரா இருக்கே" என்றாள். போட்டது கருப்புதான், செம்பட்டை பிறவியிலேயே வந்தது என்றேன். "அப்புறம் எதுக்குக்கா மறைக்கிறீங்க?" கண்ணாடியில் என் கணவரைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

நல்ல கேள்விதான். ஒன்பது வருஷமாக யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. என் அம்மா அமராவதிக்கும் இதே முடி. குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் "எண்ணெ காணாத தல" என்றுதான் ஊர் சொல்லும். செந்தமிழ்செல்வனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்த முதல் வாரமே மாமியார் கொளஞ்சியம்மாள் சாயப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். "இந்த மண்டையப் பாத்தா எந்தத் தெருன்னு கேப்பாங்கம்மா. ஊர் வாய மூட ஒலமூடி உண்டா?" என் சாதி அவர்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது, விஷயம் அவ்வளவுதான். கொழுந்தன் செம்பியன் கல்யாணப் பத்திரிகையில்கூட பிரிசில்லா என்ற என் பெயர் பிரியாவாகிவிட்டது. நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பவள், வீட்டில் ஒரு பாக்கெட்டுக்கு அடங்கிப்போனேன். வெட்கங்கெட்ட கதை.

ஆறு மாதத்துக்கு முன்பு சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார், கஞ்சி ஊட்டினார், கால் பிடித்துவிட்டார். இனிமேல் அந்தச் சனியனைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நாயாய் அலைந்து, சிதம்பரத்தில் புதிதாகத் திறந்திருந்த இந்த சலூனைக் கண்டுபிடித்தார். அம்மோனியா கிடையாதாம், மூலிகையாம், மைல்டாம்.

"காதுக்குப் பின்னாடி தடவி ரெண்டு நாள் பாக்கணும் சார்" என்றாள் வினோதினி.

"நாளைக்கு இங்கதாம்மா என் தம்பிக்கு முகூர்த்தம். அலர்ஜி மாத்திர போட்டுத்தான் கூட்டியாந்திருக்கேன்."

காலையில் அந்த மாத்திரையைத் தண்ணீரோடு அவர்தான் நீட்டினார். நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேனே!

வலப்பக்கம் முழுக்கப் பூசி முடித்தாள். எரியவில்லை. குளுகுளுவென்று இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எரிந்திருந்தால் கத்தியிருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். இத்தனை இதமாக இருந்தால் எதைச் சொல்லி எழுவது?

"எரியுதா?" என்றார்.

"இல்ல மாமா."

அவர் முகம் மலர்ந்தது. அதில் பொய்யே இல்லை, நிஜமான சந்தோஷம். பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த எங்கள் மகள் கயல்விழியின் தலையைத் தடவினார். ஏழு வயது, அப்படியே என் முடி. "அப்ப பாப்பாவுக்கும் லேசா போட்டுருங்களேன்."

"சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் போட மாட்டோம் சார்."

"மைல்டுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? ஒரே ஒரு தடவ. நாளைக்கு எங்க சொந்தம் முச்சூடும் வரும்."

கயல் குதித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் ஏறிவிட்டாள். "போடுங்க ஆன்ட்டி! அப்பதான் ஆயா என்னையும் போட்டோவுல நிக்க வெப்பாங்க."

செம்பியன் நிச்சயதார்த்தத்தன்று எல்லாரும் போட்டோவுக்கு நின்றபோது, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி யாருடனோ இவளை மட்டும் வெளியே அனுப்பினார் என் மாமியார். பேத்திமேல் என்ன பிரியம் என்று நான் பூரித்துப்போனேன். மரமண்டை. குழந்தைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"கழுவிடுங்க வினோதினி."

"பாதிதானக்கா ஆயிருக்கு. இப்ப கழுவுனா ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் செவப்புன்னு அசிங்கமா நிக்கும்."

"நிக்கட்டும்."

"பிரிசில்லா, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் அவர்.

"என்னைக்கு மாமா நீங்க பதில் சொன்னீங்க? கேக்குறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். தெருவக் கேட்டா தெருவையும் சொல்றேன். எம்புள்ள தலையில மட்டும் கைய வெக்காதீங்க."

தலையைக் கழுவிக்கொண்டு வந்து கயலை நாற்காலியிலிருந்து இறக்கப் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை உதைத்தாள். "எனக்கும் கருப்பு வேணும்! நீ மட்டும் போட்டுக்கிட்ட!" என்று அலறினாள். வினோதினி துண்டை நீட்டினாள். மாடிப்படியில் நான் நீட்டிய கையைக் கயல் தட்டிவிட்டாள், முன்னால் இறங்கிய அப்பாவின் விரலைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

கீழே தெற்கு வீதியில் மேகமூட்டமாக இருந்தது. அவர் குனிந்து கர்சீப்பால் அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு அதே கர்சீப்பை விரித்து அவள் தலையைச் சுற்றிக் கட்டி, காதோரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.