பலகை தொட்ட பந்து

கல்வெட்டு அச்சுக்குப் போக இன்னும் இருபத்தாறு மணித்தியாலங்கள் இருந்தன. தாட்சாயினி தொலைபேசியில் அப்படித்தான் சொன்னாள். நாளை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அடித்துத் தர முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்களாம். ஞாயிறு அவளுடைய அப்பா இரவிச்சந்திரன் இறந்து முப்பத்தோராம் நாள். கோயில் மண்டபத்தில் சாப்பிட்டுப் போகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கல்வெட்டு என்ற அந்த நினைவுப் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். தேவாரங்கள் வந்துவிட்டன, நன்றி நவிலல் வந்துவிட்டது. வாழ்க்கை வரலாற்றில்தான் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"பலகைப்பந்து தொடங்கின கதை, அங்கிள். அம்மாவுக்கு அரைவாசிதான் தெரியும். மிச்சம் தெரிஞ்ச ஆள் இப்ப நீங்கள் மட்டும்தான்."

"நான் உங்கட அப்பாவோட கதைச்சு இருபத்திரண்டு வருசம், பிள்ளை."

"தெரியும். அதுக்கு முதல் நடந்ததை எழுதுங்கோ."

"எனக்குக் கையாலதான் எழுத வரும்."

"எழுதிப்போட்டு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோவன்."

"நானே கொண்டுவாறன்" என்றார் குணசீலன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

தொலைபேசியை வைத்ததும் வீடு பழையபடி ஆகிவிட்டது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடி, ஓர் அறை, சமையல்கட்டில் ஒரு கதிரை. அன்று காலையிலிருந்து அவர் வாய் திறந்தது முனைக் கடையில் வணக்கமாக ஒரு பொன்ஷூருக்கும் நன்றியாக ஒரு மெர்சிக்கும்தான். செத்த வீட்டுக்கும் அவர் போகவில்லை. போகவில்லை என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் போய், சாலைக்கு இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் நின்றார். இரவிச்சந்திரனின் பலகைப்பந்துச் சங்கத்தின் நீலச் சட்டையைக் குளிர்ச்சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். அதில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். முதல் பக்கம் தானாகவே வந்தது.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் குளிர்காலம். இருவரும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை, ஒரே அறையில் படுக்கை. கோத்-டெ-நேஜ் பூங்காவில் ஹொக்கிக்காக மாநகரசபை சுற்றிவரப் பலகையடித்து வைத்த பனித்தளம் ஒன்று இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு குருவியும் வராது. சறுக்குச் சப்பாத்து வாங்க வழியில்லை. இரவிச்சந்திரன் எங்கிருந்தோ ஒரு செம்மஞ்சள் பந்தைக் கொண்டுவந்தார். பூட்ஸோடு வழுக்கி விழுந்து எழும்பி விளையாடினார்கள். பந்து வெளியே போகவே போகாது. பலகையில் மோதித் திரும்பி வரும். இரண்டு பேர் ஆறு பேரானார்கள், ஆறு பேர் பன்னிரண்டு பேரானார்கள். அடுத்த ஆண்டு விதிகள் வேண்டியிருந்தன. தொழிற்சாலைத் துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்கள். பக்கத்துக்கு ஆறு பேர், காலை வாரி விழுத்தக்கூடாது, அரை மணிக்கு மேல் ஆட்டம் இல்லை. எல்லாம் இரவிச்சந்திரன் சொல்லி எழுதியவை.

ஒன்றைத் தவிர. ஓர் அணியிடம் பந்து வந்த பிறகு அது ஒரு தடவையாவது பலகையைத் தொட வேண்டும். தொடாமல் அடித்தால் கோல் இல்லை. அது குணசீலனின் விதி. அதற்கு முன்பெல்லாம் உடம்புக்காரர்கள் நடுவில் நின்றபடி ஓங்கி அடித்தார்கள். குளிரில் கல்லாக இறுகிய பந்து கோல் காப்பவரின் முகத்தைப் பதம் பார்த்தது. பலகை விதி வந்ததும் அடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டியதாயிற்று. எந்தக் கோணத்தில் போகிறதோ அந்தக் கோணத்தில்தான் திரும்பும். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவருக்கு, படித்ததில் இந்த ஊரில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

பலகையோரம் எப்போதும் பனி குவிந்திருக்கும். பந்து பட்டது பனியிலா பலகையிலா என்று கண்ணால் சொல்ல முடியாது. காது சொல்லும். பனியென்றால் பொத்தென்று அடங்கும், பலகையென்றால் டம்மென்று அதிரும். அதனால் நடுவர் எவ்வளவு குளிரிலும் ஒரு காதைத் தொப்பிக்கு வெளியே விட்டிருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. எப்போதும் நடுவராக நின்றவர் குணசீலன்தான்.

இவ்வளவையும் எழுதினார். பத்து அணிகள் சேர்ந்து ஒரு சங்கமானதை எழுதினார். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் இரவிச்சந்திரனின் படம் வந்திருந்தது. 'பலகைப்பந்தின் தந்தை' என்று தலைப்பு. பலகை விதி உட்பட எல்லாம் அவர் மூளையில் உதித்தது என்று எழுதியிருந்தார்கள். குணசீலனின் பெயர் ஓர் ஓரத்தில்கூட இல்லை. இரவிச்சந்திரனே தொலைபேசி எடுத்துச் சிரித்தார். "நான் உன்ர பேரையும் சொன்னனான் மச்சான், அவங்கள் போடேல்லை. விடு, அடுத்த முறை உன்ர படத்தையும் போடச் சொல்லுறன்."

ஞாயிறு இறுதி ஆட்டம். இரவிச்சந்திரன் ஓர் அணியின் தலைவர், குணசீலன் நடுவர். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் இரவிச்சந்திரன் மூலையிலிருந்து திருப்பி அடித்தார், பந்து கோலுக்குள் கிடந்தது. பனித்தளமே ஆர்ப்பரித்தது. பலகையில் படவில்லை என்று குணசீலன் கையைக் குறுக்கே ஆட்டினார். அடுத்த கணம் மற்ற அணி ஓடிப்போய்க் கோல் போட்டுக் கிண்ணத்தைத் தூக்கியது.

இரவிச்சந்திரனின் ஆட்கள் குணசீலனை அடிக்காத குறை. இரவிச்சந்திரன் மட்டும் குணசீலனை ஒரு தரம் பார்த்தார், பந்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த குளிருக்குப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கி அங்கே புதிய சங்கம் தொடங்கினார். முதல் வேலையாகப் பலகை விதியை எடுத்துவிட்டார் என்று குணசீலன் கேள்விப்பட்டார். வேறெதுவும் தேவைப்படவில்லை. தன்னைத்தான் தூக்கி எறிந்திருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

பழைய சங்கத்தில் நான்கு அணிகள் மிஞ்சின, பிறகு இரண்டு. பிறகு விதி இருந்தது, விளையாட ஆள் இல்லை. இப்போதும் குளிர்காலத்து ஞாயிறுகளில் அவர் பூங்காவுக்குப் போவார். தனியாக நின்று பந்தைப் பலகையில் அடிப்பார். பலகை திருப்பிக் கொடுக்கும்.

அந்தப் பகுதியை எழுதாமலே தாளை மடித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பஸ் மாறிப் போனார். இரண்டாவது பஸ் ஒரு பூங்காவைக் கடந்தது. நீலச் சட்டைப் பிள்ளைகள் பனித்தளத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைப் பிள்ளைகள். "பலகாய்! பலகாய்!" என்று கத்தினார்கள். விளையாட்டுக்குப் பெயர் அதுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். பந்து பலகையைத் தொட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தது இரவிச்சந்திரனின் மனைவி குணேஸ்வரி. முடி முழுக்க நரைத்திருந்தது.

"வாங்கோ சீலண்ணை. ரெண்டு பஸ் பிடிக்க இருபத்திரண்டு வருசம் எடுத்ததோ?"

"ரோட்டெல்லாம் பனி" என்றார் அவர். குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இரவிச்சந்திரனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அங்கே நின்றார். தாட்சாயினி சமையலறை மேசையில் கணினியோடு இருந்தாள். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள்.

"நல்லா இருக்கு, அங்கிள். ஃபைனல் மட்டும் இல்லை. பரவாயில்லை, அதை அப்பா சொன்னமாதிரி நானே எழுதிட்டன். சரியோ எண்டு மட்டும் பாருங்கோ."

அவள் திரையிலிருந்து வாசித்தாள்.

"அன்று மைனஸ் இருபத்தேழு. குளிர் தாங்காமல் நடுவர் இரண்டு காதையும் மூடியிருந்தார். பந்து பலகையில் பட்ட சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அது அவருடைய பிழையல்ல, விதியின் பிழை என்று அப்பா சொல்வார். ஒரு மனிதனின் காதை நம்பி இத்தனை பேர் நிற்கக்கூடாது, இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது என்றுதான் புதிய சங்கத்தில் அந்த விதியை எடுத்தார்."

குணசீலன் திரையை எட்டிப் பார்த்தார். "அவன் அப்பிடியோ சொன்னவன்?"

"எத்தினை தரம்!" என்றாள் குணேஸ்வரி, தேத்தண்ணீரைக் கலக்கியபடி. "ஆக்கள் உங்களை ஏசேக்க இவர் விடமாட்டார். 'சீலனுக்குக் கேட்டிருந்தா கோல் எண்டு தந்திருப்பான், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது' எண்டு சண்டைக்குப் போவார். அது உங்கட விதி எண்டும் எல்லாருக்கும் சொல்லுவார். விதியை எடுத்தபடியால்தான் உங்களுக்குக் கோவம் எண்டு நினைச்சார். உங்களிட்டைப் பேந்து போவம், பிறகு போவம் எண்டே இருந்திட்டார்."

"நானும்" என்றார் குணசீலன்.

"ஐந்நூறு புத்தகம், அங்கிள்" என்றாள் தாட்சாயினி. "உங்கட பேரும் வருது. நாலு மணியாகுது. ஓம் எண்டால் அனுப்பிவிடுறன்."

ஓம் என்று ஒரு சொல். சொன்னால் ஐந்நூறு வீடுகளில் அவர் காது கேளாத நல்ல மனிதர். அவருடைய கை தானாக வலக்காதுக்குப் போயிற்று. நுனி மரத்துப்போய்க் கிடந்தது. அந்த இறுதி ஆட்டத்து ஞாயிறன்று குளிரில் உறைந்தது, அதன் பிறகு அந்த இடத்தில் உணர்ச்சி திரும்பவில்லை.

"அனுப்பாதை, பிள்ளை."

தாட்சாயினி நிமிர்ந்தாள்.

"அண்டைக்கு நான் காதை மூடேல்லை. வலக்காது வெளியிலதான் இருந்தது."

குணேஸ்வரியின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த அறையில் எரிந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குச் சத்தம் கேட்டது."